வெள்ளைத் திட்டு தெரிந்த அன்றே: கருப்பைவாய்ப் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடிப்பதும் நீக்குவதும்

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களே நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவிப் பார்த்தார்கள். அமிலம் பட்டு வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களுக்குக் கோல்போஸ்கோப்பியும் (உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) பயாப்ஸியும் (சிறு சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறையவைத்து நீக்கும் கிரையோ சிகிச்சை கொடுத்தார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனைதான் நடந்திருந்தது. ஆனாலும் பரிசோதனை நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இந்தக் கணக்கைக் காடித் தண்ணீரின், அதாவது அந்த நீர்த்த அசிட்டிக் அமிலத்தின், மகிமை என்று சொல்லிவிட முடியாது. பார்த்ததோடு நிற்காமல் சிகிச்சையும் கொடுத்ததால்தான் உயிர் பிழைத்தார்கள். இன்றும் பெண்களை இழப்பது பெரும்பாலும் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான். பரிசோதனை நடந்திருக்கும், 'பாசிட்டிவ்' என்று சீட்டும் கையில் இருக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிருக்க மாட்டார். கூலி போகும், பஸ் செலவு ஆகும், வீட்டில் என்ன சொல்வது என்ற தயக்கம் வேறு. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இடைவெளியைக் குறைப்பதற்காக எழுதப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் மருத்துவரையும் செவிலியரையும் மனதில் வைத்து எழுதினாலும், பரிசோதனைக்குப் போகும் பெண்ணும் படிக்க வேண்டியதுதான். சிகிச்சைக் கருவிகளை மட்டும் மேற்பார்வையோடு பயிற்சி பெற்ற பிறகே கையில் எடுக்க வேண்டும்.

எதைத் தேடுகிறோம்

கருப்பைவாயின் வெளிப்புறம் தட்டையான செல்களால் ஆனது, இளஞ்சிவப்பாக வழுவழுப்பாக இருக்கும். உள்ளே போகும் குழாயைத் தூண் வடிவச் செல்கள் மூடியிருக்கும், அது செக்கச்செவேலென்று தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு வயதோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அது நகர்ந்துவந்த பரப்பே 'உருமாற்றப் பகுதி'. இந்தப் புற்றுக்குக் காரணமான, உடலுறவால் பரவும் எச்.பி.வி. வைரஸ் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே பரிசோதனை என்றால் இந்தப் பகுதியைப் பார்ப்பது, சிகிச்சை என்றால் இந்தப் பகுதி முழுவதையும் நீக்குவது. திட்டை மட்டும் சுட்டுவிட்டு மீதியை விட்டால் வேலை பாதிதான்.

ஆபத்தான எச்.பி.வி. வகைகள் 14 அளவில் இருக்கின்றன. அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடலே அதைத் துரத்திவிடும். ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் தொற்றுதான் மாற்றத்தை உண்டாக்கும். புற்றுக்கு முந்தைய இந்த மாற்றத்தைச் சி.ஐ.என். என்று 1 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். சி.ஐ.என். 1 என்பது லேசான மாற்றம், பெரும்பாலும் தானே மறைந்துவிடும், கண்காணித்தால் போதும். சி.ஐ.என். 2, 3 ஆகியவற்றுக்குச் சிகிச்சை வேண்டும்.

'சும்மா விட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு, வேதனையான ஒரு வரலாற்றிலிருந்து விடை கிடைத்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு காலத்தில் சி.ஐ.என். 3 உள்ள பல பெண்களுக்கு முறையான சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

தடுப்பூசி

எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடுவதே மிகுந்த பலன் தரும். 20 வயதுவரை ஒன்று அல்லது இரண்டு டோஸ், 21-க்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் திருத்தியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. அளவு 0.5 மி.லி., மேற்கைத் தசையில். ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். போட்டபின் 15 நிமிடம் உட்காரவைக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயத்தில் மயக்கம் வரும், விழுந்து அடிபட்டால் அந்த ஊரில் அடுத்த வருடம் ஒரு பிள்ளையும் வராது.

ஏற்கெனவே இருக்கும் தொற்றையோ மாற்றத்தையோ ஊசி சரிசெய்யாது. ஊசி போட்டவர்களும் 30 வயதானால் பரிசோதனைக்கு வர வேண்டும்.

யாருக்கு, எத்தனை ஆண்டுக்கொருமுறை

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையையே முதல் தேர்வாக வைக்கிறது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கொருமுறை. 50 வயதுக்குப்பின், உரிய இடைவெளியில் தொடர்ந்து இரண்டு முறை நெகட்டிவ் வந்திருந்தால் நிறுத்தலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுக்கொருமுறை. டி.என்.ஏ. பரிசோதனைக்கு வசதி இல்லாத இடத்தில் வி.ஐ.ஏ. (அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது) அல்லது பாப் ஸ்மியர் (செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது), 3 ஆண்டுக்கொருமுறை. இந்திய அரசு 2016-இல் வகுத்த திட்டத்தில் 30 முதல் 65 வயதுவரை 5 ஆண்டுக்கொருமுறை வி.ஐ.ஏ. என்று இருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உடலுறவுக்குப்பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபிறகு ரத்தம், ரத்தம் கலந்த நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், இவை இருந்தால் அவருக்கு வேண்டியது முகாம் பரிசோதனை இல்லை. நேரடியாக மருத்துவர் பார்த்து, தேவையானால் பயாப்ஸி எடுக்க வேண்டும். இவரை 'வி.ஐ.ஏ. நெகட்டிவ்' என்று எழுதி அனுப்புவது பெரிய பிழை.

எச்.பி.வி. மாதிரி எடுத்தல்

இதன் பெரிய வசதி, பெண்ணே தனக்கு எடுத்துக்கொள்ளலாம். கூச்சத்தால் மேசையில் படுக்க மறுப்பவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பார்கள். மாதவிலக்கு நாளில் எடுக்க வேண்டாம். கை கழுவி, பிரஷ்ஷின் நுனியைத் தொடாமல், தடுக்கும் இடம்வரை மெதுவாக உள்ளே விட்டு, கிட்டில் சொன்ன அளவு சுற்றி, வெளியே எடுத்தவுடன் குப்பியில் போட வேண்டும். கெட்டுப்போகும் மாதிரிகளில் பல லேபிள் பிழைதான். பெயர், எண், தேதி மூன்றையும் குப்பியின் உடம்பிலேயே எழுதுங்கள், மூடியில் எழுதினால் கலந்துவிடும்.

முடிவு பாசிட்டிவ் என்றால் அதைச் சொல்லும் விதத்தில்தான் அவர் திரும்பி வருவதும் வராததும் இருக்கிறது. முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "அக்கா, இது புற்றுநோய் இல்ல. புற்றுநோய் வராம தடுக்கற நேரத்துல நீங்க வந்திருக்கீங்க." அடுத்து, கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டியது: இந்தக் கிருமி எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பல வருடம் முன்னால் வந்து ஒளிந்திருக்கலாம், இதை வைத்து யார்மீதும் சந்தேகப்பட வேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டால் அந்தச் சீட்டு வீட்டில் சண்டைக்குக் காரணமாகும், அவர் மறுபடி வரமாட்டார்.

வி.ஐ.ஏ.: ஒரு முழு நிமிடம்

அசிட்டிக் அமிலம் 5 சதவீதம் வேண்டும். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை ஊற்றிக் கலக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு அமிலம். நீர்க்காத அமிலம் பட்டால் சதை வெந்துவிடும், அதனால் அந்தப் பாட்டிலைப் பரிசோதனை அறைக்குள்ளேயே வைக்கக் கூடாது. கரைசலை அன்றன்றைக்குக் கலப்பது நல்லது. திறந்து கிடந்தால் வீரியம் குறையும், வீரியம் குறைந்தால் வெள்ளை தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பொய்யாக 'நெகட்டிவ்' எழுதிவிடுவீர்கள்.

வெளிச்சம் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் டார்ச்சில் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும். வினாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கட்டும்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, வெளியுறுப்பில் புண், மரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெகுலத்தை (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) வெதுவெதுப்பான நீரில் நனைத்து, "மூச்ச வெளிய விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு நுழைக்க வேண்டும். கருப்பைவாய் முழுவதும் தெரியும்வரை அமிலம் பக்கமே போகாதீர்கள்.

முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். காலிஃபிளவர் போன்ற வளர்ச்சி, பள்ளமான புண், தொட்டதும் ரத்தம் கசியும் இடம் இருந்தால் இத்தோடு நிறுத்தி, புற்றுநோய்ச் சந்தேகம் என்று உடனே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சளியைப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் ஒன்றும் தெரியாது.

இனி, நன்றாக நனைத்த பஞ்சை வைத்து, ஒரு முழு நிமிடம். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது இருபது வினாடியிலேயே பஞ்சை எடுத்துவிடுவார்கள். அமிலம் செல்லுக்குள் உள்ள புரதத்தைத் தற்காலிகமாக உறையவைக்கிறது. மாறிய செல்லில் உட்கரு பெரியது, புரதம் அதிகம், அதனால் ஒளி ஊடுருவாமல் வெள்ளையாகத் திரும்புகிறது. அடர்ந்த மாற்றம் மெதுவாக வெளுக்கும், சில நிமிடம் நிற்கும். சாதாரண உருமாற்றத்தில் தோன்றும் மெல்லிய வெள்ளை சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். அவசரப்பட்டால் முதலாவதைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்வீர்கள்.

பாசிட்டிவ் என்று எழுத மூன்றும் இருக்க வேண்டும்: வெள்ளை அடர்த்தியாகச் சுண்ணாம்பு பூசியது போல் இருக்க வேண்டும், ஓரம் தெளிவாக இருக்க வேண்டும், இரு செல் பரப்பும் சந்திக்கும் கோட்டை ஒட்டியிருக்க வேண்டும். கோட்டைச் சுற்றிலும் நூல்போல ஓடும் வெள்ளை, கோட்டைவிட்டுத் தள்ளி ஆங்காங்கே தெரியும் புள்ளிகள், முத்துப்போல் தனித்தனியாக நிற்கும் சளிக்கட்டிகள், பாலிப்பின் (தொங்கும் சிறு சதை வளர்ச்சி) மேல் தெரியும் மங்கல் வெள்ளை ஆகியவை நெகட்டிவ். பார்த்ததைக் கடிகார முகமாக வரைந்துவையுங்கள், '10 மணியிலிருந்து 1 மணிவரை' என்று. அடுத்து சிகிச்சை கொடுப்பவருக்கு அந்தப் படம் நூறு வார்த்தைக்குச் சமம்.

சந்தேகம் இருந்தால் லுகால்ஸ் அயோடின் தடவலாம். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் அயோடைடு 10 கிராம், அயோடின் 5 கிராம். ஆரோக்கியமான தட்டைச் செல்லில் கிளைகோஜன் இருப்பதால் கருமையான பழுப்பாகும். மாறிய இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்தக் கோடு குழாய்க்குள் ஏறிவிடும், வெளியிலிருந்து தெரியாது. அவர்களுக்கு வி.ஐ.ஏ.வை நம்ப வேண்டாம், எச்.பி.வி. பரிசோதனைதான் சரி.

பயன்படுத்திய ஸ்பெகுலத்தை 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் 10 நிமிடம் மூழ்கவைத்து, தேய்த்துக் கழுவி, ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்ய வேண்டும். லிட்டருக்கு 15 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போட்டால் இந்த அளவு வரும். ஈரம் பட்டுக் கட்டியாகிப்போன பவுடரில் வராது.

சுடலாமா, வெட்டி எடுக்க வேண்டுமா

எச்.பி.வி. பாசிட்டிவ் ஆனவர்களில் யாருக்குச் சிகிச்சை என்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, பாசிட்டிவ் ஆன எல்லோருக்கும், தகுதி பார்த்துச் சிகிச்சை கொடுத்துவிடுவது. மற்றொன்று, வி.ஐ.ஏ. அல்லது கோல்போஸ்கோப்பி போன்ற இரண்டாம் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இரண்டாம் வழியே பரிந்துரை. மற்றவர்களுக்கு இரண்டும் ஏற்கப்பட்டவை. மறுமுறை வருவார் என்ற உறுதி இல்லாத ஊரில் முதல் வழியே நல்லது என்பது எங்கள் எண்ணம். பிள்ளைப்பேறு இன்னும் முடியாதவருக்கு இரண்டாம் வழியை யோசிக்கலாம். இரண்டாம் பரிசோதனையில் ஒன்றும் தெரியாதவரை 24 மாதத்தில் மறுபடி எச்.பி.வி. பார்க்க அழைக்க வேண்டும், எச்.ஐ.வி. உள்ளவர் என்றால் 12 மாதத்தில்.

சுடும் சிகிச்சையிலும் உறையவைக்கும் சிகிச்சையிலும் பயாப்ஸிக்குத் துண்டு எதுவும் கிடைக்காது. உள்ளே புற்றுநோய் ஒளிந்திருந்தால் அதன்மேல் மூடி போட்டதாகிவிடும். அதனால்தான் தகுதியில் இத்தனை கண்டிப்பு. புற்றுநோய்ச் சந்தேகமோ சுரப்பிச் செல் மாற்றமோ இருக்கக் கூடாது. உருமாற்றப் பகுதியின் எல்லை முழுவதும் தெரிய வேண்டும். திட்டு குழாய்க்குள் ஏறி மறையக் கூடாது. கருவியின் முனை அந்தப் பகுதியில் நன்றாகப் படிய வேண்டும். கர்ப்பமாக இருக்கக் கூடாது, இருந்தால் பிரசவத்துக்குப்பின் அழைக்க வேண்டும். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் லீப் (மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுக்கும் சிகிச்சை) வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

சாதாரண வெள்ளைப்படுதல் தடை இல்லை. மருந்தும் கொடுத்து அன்றே சிகிச்சையும் செய்யலாம். அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாக இடுப்புக்குழித் தொற்று இருந்தால்தான் தள்ளிப்போட வேண்டும்.

தெர்மல் அப்லேஷன்: சூடான முனையால் சுட்டு நீக்குவது

மறுபடி அமிலம் தடவி எல்லையைக் கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். முனையைக் கருப்பைவாயின் துவாரத்தை மையமாக வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்கச்சுவர் பட்டால் அது வெந்துவிடும், சுவர் தளர்வாக இருந்தால் ஸ்பெகுலத்தின் மேல் ஆணுறை மாட்டி, நுனியை வெட்டிவிட்டு நுழைப்பது எளிய வழி. குறைந்தது 100 டிகிரி செல்சியஸ், 20 முதல் 30 வினாடி. ஒருமுறையில் பகுதி முழுவதும் அடங்காவிட்டால், முன் சுட்ட இடத்தின் மேல் கொஞ்சம் ஏறும்படி அடுத்தடுத்து வைக்க வேண்டும். இடையில் இடுக்கு விட்டால் நோய் அங்கேயே மிஞ்சும்.

மயக்க ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. மாதவிலக்கு வலிபோல ஒரு பிடிப்பு வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் தாங்கிக்கொள்வார், சொல்லாவிட்டால் துள்ளுவார், முனை நகரும். காலையில் பேட்டரி சார்ஜைப் பார்க்காமல் முகாமுக்குக் கிளம்பக் கூடாது.

கிரையோ என்றால் 3 நிமிடம் உறையவிட்டு, 5 நிமிடம் இளகவிட்டு, மறுபடி 3 நிமிடம். பனி வளையம் முனையின் ஓரத்தைத் தாண்டி 4, 5 மி.மீ. பரவ வேண்டும். சுரப்பிப் பள்ளங்களுக்குள் 5 மி.மீ. ஆழம்வரை மாறிய செல்கள் இறங்கியிருக்கலாம் என்பதே காரணம். வாயு குறைந்த சிலிண்டரில் இந்த வளையம் வராது. முனை தானாக விடுபடும்வரை இழுக்காதீர்கள், இழுத்தால் சதை கிழியும்.

லீப்பில் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். கருப்பைவாயின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே நான்கு இடத்தில், மொத்தம் 5 மி.லி.க்கு மிகாமல் மரத்துப்போகவைக்கும் லிக்னோகைன் ஊசி. ரத்தம் கசியும் இடத்தில் உருண்டை முனையால் சுட்டு, ரத்தத்தை நிறுத்தும் மான்செல்ஸ் பசை தடவ வேண்டும். ஆழம் கூடக் கூடப் பின்னால் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பும் கூடும். குழந்தை வேண்டியிருக்கும் பெண்ணுக்குத் தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் எடுக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது

நான்கு முதல் ஆறு வாரம்வரை தண்ணீர்போல வெள்ளைப்படும், லேசாக ரத்தம் கலந்தும் வரலாம், துணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு வாரம் உடலுறவு வேண்டாம். தவிர்க்க முடியாது என்றால் ஆணுறை கட்டாயம், இரண்டு மூன்றைக் கையோடு கொடுத்துவிடுவது நல்லது. உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல், தாங்க முடியாத அடிவயிற்று வலி, சீழ்நாற்றம், மாதவிலக்கைவிட அதிகமாகவோ கட்டியாகவோ ரத்தம், இவற்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும். லீப்புக்குப் பிறகு இரண்டாவது வாரத்தில்கூடத் திடீர் ரத்தப்போக்கு வரலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெண் சம்மதித்தால் கணவரையும் உட்காரவைத்துச் சொல்வது பலன் தரும். அந்த நான்கு வாரம் அவர் கையில்தானே இருக்கிறது.

பதினொன்றாம் மாதத்து போன்

எந்த முறையானாலும் ஒரு சிறு பங்கினருக்கு மாற்றம் மிஞ்சும் அல்லது திரும்பும். சிகிச்சை பெற்றவருக்கு மற்றவர்களைவிட ஆபத்து பல வருடம் கூடுதலாகவே இருக்கும். 12 மாதத்தில் எச்.பி.வி. பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும். அது நெகட்டிவ் என்றால் வழக்கமான இடைவெளிக்குத் திரும்பலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதற்கடுத்த 12 மாதத்திலும் இன்னொன்று.

இதற்கு ஒரு தனிப் பதிவேடு வேண்டும். கணினியில் இருந்தாலும் மேசைமேல் ஒரு நோட்டு இருக்கட்டும். பெயர், ஊர், அவர் எடுக்கும் போன் எண், எந்த நேரத்தில் கூப்பிடலாம், போனை வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம், பரிசோதனை முடிவு, கடிகாரப் படம், சிகிச்சை முறையும் தேதியும், அடுத்த வருகைத் தேதி. பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதுங்கள். சிகிச்சை முடிந்ததும் அதன்கீழ் ஒரு கோடு. பதினொன்றாம் மாதம் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி அனுப்புங்கள், என்ன விஷயம் என்பது வாசலில் நிற்பவர் காதில் விழாதபடி. ஓராண்டு எச்.பி.வி. முடிவு நோட்டில் ஏறிய பிறகுதான் அந்தப் பெயருக்கு இரண்டாவது கோடு.